கோட்டுக்குள் நாணயம், சுழிக்குள் சுண்டுவிரல்

அத்தியாயம் 4: க்வில்லிங் எழுத்துக்குத் தடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது

காகிதப் பட்டைகளைச் சுருட்டி ஒட்டும் க்வில்லிங்கில் எழுத்து நன்றாக வருமா என்பது முதல் நாளே, ஜெராக்ஸ் கடையில் எடுக்கும் பிரின்டிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. குழந்தையின் பிறந்தநாளுக்கு ‘கண்ணன்’ என்று பெயர் செய்து தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெயர் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகக் கணினியில் இருப்பதிலேயே கனமான எழுத்துருவைத் தேடிப் பெரிதாக அச்செடுக்கிறார்கள். ஓரச்சுவர் ஒட்டி, உள்ளே சுருள் நிரப்பி, இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், மூணு சுழி ‘ண’வும் ரெண்டு சுழி ‘ன’வும் ஒரே மாதிரி அடைத்துக்கொண்டு நிற்கின்றன. வண்ணம் அழகு, சுருள்கள் சீர். பெயரைத்தான் படிக்க முடியவில்லை.

அந்த இரண்டு மூன்று நாள் உழைப்பைக் காப்பாற்றுவதற்காகவே இந்த அத்தியாயம். எடுத்துக்காட்டுகள் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஊர்ப்பெயர்களிலிருந்து வருகின்றன. தமிழ் எழுத்து தரக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தப் பெயர்களுக்குள்ளேயே கிடைத்துவிடும். ‘ஜெயங்கொண்டம்’ என்ற ஒரு பெயரில் மட்டும் ஜெ, ங், கொ, ண் என நான்கு கடினமான எழுத்துகள் உள்ளன. ‘ஏலாக்குறிச்சி’ ஏ-யில் தொடங்குகிறது. ‘பெரம்பலூர்’, ‘அரியலூர்’ இரண்டிலும் லூ இருக்கிறது; இரண்டும் ‘ர்’ என்று முடிகின்றன. இந்த நான்கு பெயர்களும் ஓர் எழுத்துருவில் தெளிவாக வந்தால், அந்த எழுத்துருவை நம்பி எந்தப் பெயரையும் எடுக்கலாம்.

நின்ற காகிதம் தன் கனத்தைச் சேர்க்கும்

அச்சில் எழுத்து தட்டையாகக் கிடக்கிறது. க்வில்லிங்கில் அது எழுந்து நிற்கிறது. 5 மி.மீ. பட்டை என்றால் அடித்தாளிலிருந்து 5 மி.மீ. உயரத்துக்குச் சுவர். அந்தச் சுவரின் நிழல் எழுத்தின் இரு பக்கமும் விழும். சுருள்களுக்கு இடையே இருட்டு தங்கும். அச்சில் நடுத்தரத் தடிமனாகத் தெரிந்த எழுத்து காகிதத்தில் எழுந்து நின்றதும் நல்ல தடிப்பெழுத்தாகிவிடுகிறது. அச்சிலேயே மிகத் தடிப்பாக இருந்த எழுத்தோ எழுந்து நின்றதும் மூச்சு முட்டுகிறது.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர் ஜெயங்கொண்டம் பக்கம் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகலாம். முதலாம் ராஜேந்திர சோழன் எழுப்பிய பிரகதீசுவரர் கோயில் 2004-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்குள்ள கல்வெட்டு எழுத்துகளில் தடிப்பு, மெலிவு என்ற வேறுபாடு அதிகமில்லை. உளி ஏறக்குறைய ஒரே பருமனில் ஓடியிருக்கிறது. காலை வெயிலோ மாலை வெயிலோ சாய்வாக விழும்போது அதே மெல்லிய வெட்டுக்குள் நிழல் இறங்கி, எழுத்து கறுத்து எடுப்பாகத் தெரிகிறது. உச்சிவெயிலில் அந்த எடுப்பு குறைந்துவிடும். எழுத்துக்குக் கனம் கொடுப்பது அங்கே ஆழம். க்வில்லிங்கில் அந்த வேலையை உயரம் செய்கிறது.

சுவரெழுத்துக் கலைஞர்களுக்கும் இது தெரிந்த விஷயம். எழுத்தை ஓர் அளவான பருமனில் எழுதி முடித்து, வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் வேறு நிறத்தில் நிழல் தீட்டுவார்கள். நெடுஞ்சாலையில் ஓடும் பேருந்திலிருந்து படிக்கும்படி எழுத்து நிற்பது அந்த நிழலால். க்வில்லிங் செய்பவர் நிழலைத் தனியாகத் தீட்ட வேண்டியதில்லை, அது தானாகவே வரும். ஆகவே அதற்கு இடம் விட்டுத்தான் எழுத்துருவை எடுக்க வேண்டும். மனம் கேட்கும் தடிமனிலிருந்து ஒரு படி கீழே இறங்குவது நல்லது. சுழி நிறைந்த எழுத்து என்றால் இரண்டு படி.

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. சுவரில் மாட்டிய எழுத்தை எல்லோரும் நேருக்கு நேர் நின்று பார்ப்பதில்லை. அறைக்குள் நுழைகிறவர் பக்கவாட்டிலிருந்துதான் முதலில் பார்க்கிறார். 45 பாகைச் சாய்வில் பார்க்கும்போது 5 மி.மீ. உயரச் சுவர் தனக்குப் பின்னால் 5 மி.மீ. அகலத்தை மறைத்துவிடும். சுழியின் உள்துளை 5 மி.மீ. தான் என்றால் அந்தப் பார்வையில் துளையே இல்லை. அடித்தாளின் நிறம் கண்ணுக்கு எட்டாது. துளை 1 செ.மீ. இருந்தால் பாதியாவது தெரியும். எனவே எழுத்தின் மிகச்சிறிய துளை பட்டையின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். 3 மி.மீ. பட்டைக்கு 6 மி.மீ., 5 மி.மீ. பட்டைக்கு 1 செ.மீ. சிலர் ஓரச்சுவருக்கு மட்டும் 10 மி.மீ. பட்டை வைப்பதுண்டு. அப்படியானால் துளை 2 செ.மீ. தேவைப்படும். ட, ப, ய போன்ற திறந்த எழுத்துகளுக்கே அது கட்டுப்படியாகும்.

கோட்டுக்குள் எத்தனை சுருள் கொள்ளும்

துளையைப் பார்த்தாயிற்று, அடுத்தது கோட்டின் அகலம். தடித்த எழுத்துருவைத் தேடுவதே கோட்டுக்குள் சுருள்களை அடுக்க இடம் வேண்டும் என்பதற்காகத்தான். மெல்லிய எழுத்துருவில் இரண்டு ஓரச்சுவர்களுக்கு நடுவே ஒரு சுருள்கூடப் போகாது. அப்படிப்பட்ட எழுத்தைப் பட்டையை வளைத்து ஒற்றைக் கோடாக ஒட்டலாம். அது வேறு வகை வேலை.

ஏ4 தாளிலிருந்து நீளவாக்கில் வெட்டிய பட்டை 29.7 செ.மீ. நீளம். 120 ஜிஎஸ்எம் தாளின் பருமன் சுமார் 0.15 மி.மீ. அந்தப் பட்டையை இறுக்கிச் சுற்றினால் ஊசி விட்ட நடுத்துளையையும் சேர்த்து ஏறக்குறைய 8 மி.மீ. வட்டம் கிடைக்கும். சாதாரண 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள் என்றால் 6 மி.மீ.க்குச் சற்று மேல். கையை விட்டுத் தளரவிட்டால் சுருள் விரிந்து இன்னும் பெரிதாகும். எந்த அளவில் நிறுத்திப் பசை வைக்கிறோம் என்பது செய்பவர் கையில் இருக்கிறது. கோட்டின் குறுக்கே ஒரு தளர்ந்த சுருளும் அதன் பக்கத்தில் ஓர் இறுகிய சுருளும் நிற்க வேண்டும். அப்போதுதான் நிரப்பலில் வடிவம் பிறக்கும். ஒரே அளவுச் சுருளை ஒற்றை வரிசையில் அடுக்கினால் மணிமாலை மாதிரி ஆகிவிடும். இரண்டு சுருள் நிற்க 2 செ.மீ. தேவை. 2.5 செ.மீ. இருந்தால் இலை வடிவம், கண்ணீர்த்துளி வடிவம் எல்லாம் தாராளமாக வரும். 3 செ.மீ. தாண்டினால் நிரப்பி முடிக்க நேரம் கூடிக்கொண்டே போகும், கண்ணுக்கு அதற்கேற்ற பலனும் இருக்காது.

அளவுகோல் தேட வேண்டாம். ஒரு ரூபாய் நாணயம் போதும். 2011 வரிசையில் வந்தது 22 மி.மீ., 2019 வரிசையில் வந்தது 20 மி.மீ. அச்செடுத்த எழுத்தின் கோட்டுக்குள் நாணயத்தை வைத்து, எழுத்தின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எங்கே நாணயம் கோட்டைவிட்டு வெளியே நீட்டுகிறதோ அங்கே சுருள் சிரமப்படும். பிறகு சுண்டுவிரலின் நுனியை ஒவ்வொரு சுழிக்குள்ளும் வைத்துப் பார்க்க வேண்டும். சுழியின் கோடு மறையாமல் விரல்நுனி உள்ளே அடங்கினால் 5 மி.மீ. பட்டைக்கு அந்தத் துளை போதும். பென்சில் மட்டும்தான் நுழைகிறது என்றால் 3 மி.மீ. பட்டைக்கு மாறலாம், இல்லையென்றால் எழுத்தைப் பெரிதாக்கலாம்.

இரண்டு சோதனையிலும் தேறுகிற எழுத்தின் அகலம் சில சமயம் ஆச்சரியப்படுத்தும். ப-வுக்கு இரண்டு நிமிர்ந்த கோடு, நடுவே ஒரு வெளி, அவ்வளவுதான், 9 செ.மீ. அகலத்தில் முடிந்துவிடும். ண-வுக்கு ஏறத்தாழ இரு மடங்கு அகலம் வேண்டும். ஆகவே ஒரு பெயரைச் செய்யும்போது சட்டத்தின் அகலத்தை முதலில் முடிவு செய்துவிட்டு எழுத்தை அதற்குள் திணிப்பது சரிவராது. பெயரிலேயே நெருக்கமான எழுத்து எது என்று பார்த்து, அதை மட்டும் முதலில் அச்செடுத்துச் சோதித்து, அந்த எழுத்து எவ்வளவு உயரம் கேட்கிறதோ அந்த உயரத்தையே மற்ற எழுத்துகளுக்கும் வைக்க வேண்டும். ‘ஜெயங்கொண்டம்’ செய்கிறவர் ட-வில் தொடங்கி ஏமாறாமல் ‘ங்’-கையும் ‘ண்’-ணையும் கையிலெடுக்க வேண்டும்.

எழுத்தின் அடையாளம் எங்கே இருக்கிறது

தமிழில் பல எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது ஒரு சின்ன வால், ஒரு சுழி, ஒரு புள்ளி. தடித்த எழுத்துருவில் முதலில் நசுங்குவதும் இவைதான்.

ஏலாக்குறிச்சியை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. இத்தாலியில் 1680-ல் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்த கொன்ஸ்டான்சோ பெஸ்கி, நமக்கெல்லாம் வீரமாமுனிவர், வாழ்ந்த ஊர் அது. அவர் திருக்காவலூர் என்று பாடியதும் இந்த ஊரைத்தான். அடைக்கல மாதா ஆலயம் இன்றும் அங்கே இருக்கிறது. அவர் காலத்துக்கு முன் எ, ஒ இரண்டுக்கும் மேலே புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில். ஓலையில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிடுவார்கள். படிக்கிறவர்தான் இடம் பார்த்துக் குறிலா நெடிலா என்று புரிந்துகொள்ள வேண்டும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நெடிலுக்கென்று தனி வடிவம் கொடுத்த சீர்திருத்தம் அவர் பெயரால் வழங்குகிறது. ஏ-யின் அடியில் சரிந்து இறங்கும் கோடு, ஓ-வின் முடிவில் வரும் சுழி, இரட்டைச் சுழியோடு நிற்கும் ஏகாரக் கொம்பு ஆகியவை அப்படி வந்தவை.

க்வில்லிங் செய்பவருக்கு இந்த வரலாறு நேரடியாகவே உதவும். ‘ஏலாக்குறிச்சி’ என்று எழுதும்போது ஏ-யின் அந்தச் சரிவுக்கோடு சில தடித்த எழுத்துருக்களில் வெறும் முனையாகக் குறுகிவிடுகிறது. அதன்மேல் ஓரச்சுவர் ஒட்டினால் ஏ என்பது எ-யாகத் தெரியும். அந்த வாலுக்குக் குறைந்தது 1.5 செ.மீ. நீளமாவது இருக்கிற எழுத்துருவை எடுக்க வேண்டும். எழுத்துரு மிகவும் பிடித்துவிட்டது, வால்தான் குறை என்றால், அச்செடுத்த தாளிலேயே பென்சிலால் வாலை நீட்டிக்கொள்ளலாம். சுவரெழுத்துக் கலைஞர் கையால் செய்கிற திருத்தம்தான் அது. கொம்பிலும் இதே கவனம் வேண்டும். ‘பே’யின் கொம்பில் மேல்சுழி அடைத்துக்கொண்டால் அது ‘பெ’ ஆகிவிடும்.

அடுத்தது ர. துணைக்காலையும் ர-வையும் பிரிப்பது அடியில் சாய்ந்து இறங்கும் ஒரு சின்னக் கோடு மட்டுமே. நவீனத் தடிப்பெழுத்துகளில் அந்தக் கோடு வெட்டுப்பட்ட முனை போல ஆகியிருக்கும். வாசிக்கும் வேகத்தில் அச்சில் அது உறுத்தாது, ஏனென்றால் கண் சொல்லை மொத்தமாகப் படித்துவிடுகிறது. ஒற்றை எழுத்தாக, ரம்யாவுக்கோ ரவிக்கோ ‘ர’ மட்டும் செய்து சுவரில் மாட்டும்போது அந்த உதவி கிடைக்காது. பார்க்கிறவருக்கு அது வெறும் துணைக்காலாகத் தெரியும். ஒற்றை எழுத்துக்கு எழுத்துரு தேடுகிறவர் ர-வின் அடியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

‘லூ’-வை நேரம் எடுத்துப் பார்ப்பது நல்லது. லு, லூ இரண்டும் வேறுபடுவது வால் முடியும் இடத்தில் மட்டும்தான். அரியலூர் என்று பெயர்ப்பலகை செய்து அது ‘அரியலுர்’ என்று படிக்கும்படி ஆகிவிட்டால் ஊர்க்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள்.

இனி புள்ளி. இது க்வில்லிங்குக்கென்றே பிறந்த உறுப்பு. இறுக்கிச் சுற்றிய ஒரு சுருளே ஒரு புள்ளி. ‘ம்’, ‘ர்’ எழுத்துகளின் புள்ளிக்கு எழுத்துருவில் உள்ள அளவை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. இரண்டு பட்டைகளை முனையோடு முனை ஒட்டிச் சுற்றினால் 1 செ.மீ.க்கு மேல் வரும், கோட்டின் அகலத்தில் பாதியளவு புள்ளி கண்ணுக்கு இதமாக இருக்கும். புள்ளிக்கும் எழுத்தின் தலைக்கும் இடையே பட்டையின் உயரமளவாவது இடைவெளி விட வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் முதல் எழுத்தாக ஆய்தத்தை எடுத்துக்கொள்வது நல்ல தொடக்கம். மூன்று பெரிய சுருள், மூன்றும் ஒரே அளவில் வந்தால் கை பழகிவிட்டது. பிறகு ட, ப, ய, அதற்குப் பிறகு க, ம. அ-வையும் இ-யையும் கொஞ்ச நாள் கழித்து எடுக்கலாம். அ-வின் இடப்பக்கச் சுழி தடித்த எழுத்துருக்களில் சீக்கிரம் மூடிக்கொள்ளும்.

பழைய எழுத்து வடிவங்களை விரும்புகிறவர்களும் உண்டு. 1978-ல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை லை, னை, ணை, ளை ஆகியவை யானைத் துதிக்கை போல் மேலே வளைந்த கொம்போடுதான் அச்சாகின. தாத்தா பாட்டியின் மணநாளுக்குப் பெயர் செய்து தருகிறவர் அந்தக் காலத்துக் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து அந்த வடிவத்தை வரைந்துகொள்ளலாம். அந்தத் துதிக்கையின் நீண்ட வளைவு காகிதப் பட்டைக்கு மிக நன்றாகப் பொருந்துகிறது. இன்றைய எழுத்துருக்களில் பெரும்பாலும் இது கிடைக்காது, கையால்தான் வரைய வேண்டும்.

எந்த எழுத்துரு

கணினியோடு வருகிற லதா, நிர்மலா யுஐ இரண்டிலும் தடித்த வடிவம் உண்டு. லதாவின் தடிப்பு மிதமானது. 15 செ.மீ. உயரத்தில் ப, ட போன்றவை நன்றாக வரும், ஆனால் சுழிகள் சிறியவை. அவசரத்துக்கு உதவும், அவ்வளவே.

இணையத்தில் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைப்பவற்றில் இந்த வேலைக்கு ஏற்றவை பல. கட்டுமரத்தின் பெயரைக் கொண்ட கேட்டமரன், பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்தது. 100 முதல் 900 வரை ஒன்பது தடிமன்கள். தடிமனை ஒவ்வொரு படியாக ஏற்றி இறக்கி நாணயச் சோதனை செய்து பார்க்க இது மிகவும் வசதி. சுழியில்லாத எழுத்துக்கு 700, ண, ஞ போன்றவற்றுக்கு 600 அல்லது 500 என்று வைத்துப் பார்க்கலாம். மும்பையின் ஏக் டைப் உருவாக்கிய முக்தா மலரில் 800 வரை தடிமன் உண்டு. கோடுகள் ஏறக்குறைய ஒரே பருமனில் ஓடுவதால் நாணயம் எங்கும் சிக்காது. அதே நிறுவனத்தின் பாலூ தம்பி முனைகள் உருண்ட, கொழுகொழுவென்ற எழுத்து. குழந்தைகளின் பெயருக்கு எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். உருண்ட முனைகளைப் பட்டை எளிதாகச் சுற்றி வரும் என்பது பெரிய நன்மை. ஆனால் அதன் கனத்தில் சுழிகள் மிகச் சிறுத்துவிடும். ‘பாலூ தம்பி 2’ என்ற புதிய வடிவில் 400 முதல் 800 வரை தடிமன்கள் இருப்பதால் 600-ஐ எடுப்பது நலம்.

ஏக் டைப்பின் இன்னொரு எழுத்துருவான அனேக் தமிழில் தடிமனை மட்டுமல்லாமல் எழுத்தின் அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். சுழி நிறைந்த பெயர்களுக்கு இந்த நூல் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். அகல வடிவத்தை எடுத்தால் கோட்டின் தடிமன் குறையாமலேயே துளைகள் திறக்கின்றன. ‘ஜெயங்கொண்டம்’ செய்ய முடிகிறது. சட்டம் நீளும். அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அரிமாவின் மென்மையான வளைவுகள் நிலா, மலர் போன்ற பெயர்களுக்கு அழகு சேர்க்கும். காய்னி உருண்டு திரண்ட ஒரே தடிமன் கொண்டது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த பவனம், கவிவனார் இரண்டும் மிக அழகானவை. ஆனால் தனியாகத் தடித்த வடிவம் இல்லாததால் நிரப்பும் வேலைக்குப் பொருந்தாது. ஒற்றைப் பட்டையால் கோட்டை வரைகிறவர் கவிவனாரின் சாய்ந்த கையெழுத்து வடிவைத் தாராளமாக எடுக்கலாம். நோட்டோ செரிஃப் தமிழ் போல ஒரே எழுத்தில் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும் எழுத்துருக்களைப் புத்தகத்துக்கு விட்டுவிடலாம். தடித்த பகுதியில் நாணயம் போகும், மெலிந்த பகுதியில் ஒரு சுருள்கூட நிற்காது.

ஓர் எச்சரிக்கை. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவைத் தேர்ந்து, தட்டச்சு மென்பொருளின் ‘போல்ட்’ பொத்தானை அழுத்தினால் கணினி எழுத்தின் ஓரத்தைச் சுற்றிலும் பூசி ஊதிவிடும். வடிவமைப்பாளர் தடித்த எழுத்தை வரையும்போது கோடுகள் சேரும் இடத்தைச் சற்றுக் குறுக்கி, சுழியைத் திறந்து வைப்பார். பொத்தானுக்கு அது தெரியாது.

கேட்டமரன், முக்தா மலர் போன்றவை திறந்த உரிமத்தில் வருபவை. செய்த எழுத்தை விலைக்கு விற்கிறவர்களும் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம்.

பரிசு கேட்டு வருகிறவர்களில் பலர் ஆங்கில முதலெழுத்தைத்தான் சொல்வார்கள். தமிழ்நாடு அரசு பெயரின் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதச் சொல்லி 2021-ல் ஆணை பிறப்பித்த பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்காவது தமிழ் முதலெழுத்து பழகி வருகிறது. தமிழ் எழுத்தைச் செய்து காட்டினால் மனம் மாறுகிறவர்கள் நிறைய. ஆங்கிலம்தான் வேண்டும் என்றால், 1965-ல் வந்த இம்பாக்ட்டைத் தவிர்க்க வேண்டும். அதன் துளைகள் வெறும் கீற்றுகள். 1922-ல் ஆஸ்வால்ட் கூப்பர் வடிவமைத்த கூப்பர் பிளாக்கின் உருண்ட ஓரங்கள் பட்டைக்கு இதமானவை, ஆனால் பெரிய அளவில் மட்டுமே துளை திறக்கும். மாஸ்கோவில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் யூலியா பிராட்ஸ்கயாவின் காகித எழுத்துகளைப் பார்த்துப் படிப்பது எந்தப் பயிற்சி வகுப்புக்கும் குறையாது. தன் பெயரையே காகிதப் பட்டைகளால் அமைத்ததிலிருந்து தொடங்கியது அவர் பாதை. அவர் எழுத்தை முழுக்க அடைப்பதில்லை, பட்டைகளுக்கு நடுவே வெற்றிடத்தைத் துணிந்து விடுகிறார்.

அச்செடுப்பது

எழுத்துருவின் பாயின்ட் அளவும் எழுத்தின் உயரமும் ஒன்றல்ல. 72 பாயின்ட் ஓர் அங்குலம் என்றாலும் அந்த அளவுக்குள் கொம்பு, விலங்கு, வால் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். ப-வின் உயரம் அதில் ஒரு பகுதிதான். ஆகவே ஒரு ப-வை 400 பாயின்டில் அச்செடுத்து அளந்து, தேவையான உயரத்துக்கு விகிதம் போட்டுக்கொள்வதே எளிது. உள்ளே நிறம் இல்லாமல் ஓரக்கோடு மட்டும் அச்சாகும்படி வைத்தால் மையும் மிச்சம், சுருளின் இடமும் தெளிவாகத் தெரியும்.

டிடிபி கடைக்குப் போகிறவர்கள் கோப்பைப் பிடிஎஃப்பாக எடுத்துச் செல்ல வேண்டும். பல கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களும் பழைய மென்பொருள்களுமே ஓடுகின்றன. யூனிகோடு எழுத்து அங்கே திறக்கும்போது கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறுவதுண்டு.

அச்செடுத்த தாளைச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். பிறகு பக்கவாட்டிலிருந்து. வீட்டில் வேறு யாரையாவது கூப்பிட்டு, என்ன எழுத்து என்று சொல்லாமல் படிக்கச் சொல்வது இன்னும் நல்லது. அவர்கள் தயங்கினால் தடிமனை ஒரு படி குறைத்து மறுபடி அச்செடுக்கலாம். தாளின் செலவு மட்டும்தான்.

நிரப்பும் வடிவத்தையும் இந்தக் கட்டத்திலேயே யோசித்துவிடுவது நல்லது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் கிரெட்டேசியஸ் காலத்துக் கடலடிப் படிவுகள் வெளியே தெரிகின்றன. அங்கே கிடைத்த அம்மோனைட் புதைபடிவங்கள் நடுவில் இறுகி வெளியே வர வர அகலும் சுருள்கள். ‘காரை’யின் கா-வை அந்தச் சுருள்களாலேயே நிரப்ப நினைக்கிறவருக்கு ஒவ்வொரு சுருளும் பெரிதாக வேண்டும், ஆகவே கோடு 3 செ.மீ. வரை போகலாம். அதற்கேற்பத் தடிமனைக் கூட்டி, எழுத்தை 20 செ.மீ. உயரத்துக்கு எடுக்க வேண்டியிருக்கும். எழுத்துருவும் நிரப்பலும் ஒன்றை ஒன்று பார்த்துத்தான் முடிவாகின்றன. நிரப்பாமல் விட வேண்டிய இடத்தையும் இப்போதே குறித்துவிட வேண்டும். அதே மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தச்சர்களும் மரத்தில் உளி வைப்பதற்கு முன் உருவத்தைக் கோடாக இறக்கி, எடுக்க வேண்டிய இடம் எது, விட வேண்டிய இடம் எது என்று குறித்துக்கொள்கிறார்கள். அச்செடுத்த தாளில் சுழிகளை மட்டும் பென்சிலால் நிழலிட்டு ‘காலி’ என்று குறித்து வைத்தால், வேலை மும்முரத்தில் அங்கே சுருள் ஒட்டிவிட மாட்டோம்.

சட்டத்தையும் இப்போதே யோசித்துவிடலாம். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோர வீடுகளில் தூசி அதிகம். திறந்த சுருளுக்குள் புகுந்த தூசியை எடுப்பது கடினம், ஐப்பசி மழையின் ஈரத்தில் அது ஒட்டியும் கொள்ளும். கண்ணாடி போட்ட ஆழமான சட்டம்தான் வழி. கண்ணாடி எழுத்தின் தலையில் படாமல் பட்டை உயரத்துக்கு மேல் இன்னும் 1 செ.மீ. ஆழம் கேட்டு வாங்க வேண்டும். எழுத்தைச் சுற்றிலும் கோட்டின் அகலமளவு வெற்றிடம் விட்டால் சட்டத்தின் நிழல் எழுத்தின்மேல் விழாது.

எல்லாம் சரிபார்த்த பிறகு தாளை அடி அட்டையின் மேல் வைத்து, ஓரக்கோட்டைக் கார்பன் தாளால் இறக்கலாம். சுவர் ஒட்டத் தொடங்கும் முன் அட்டையின் பின்புறம் எழுத்துருவின் பெயர், தடிமன், பாயின்ட் அளவு, பட்டையின் அகலம் நான்கையும் பேனாவால் குறித்து வைக்க வேண்டும். அக்காவுக்குச் செய்து கொடுத்த எழுத்தைப் பார்த்து ஆறு மாதம் கழித்துத் தங்கைக்கும் அதேபோல் ஒன்று கேட்டு வருவார்கள். அப்போது இரண்டு எழுத்தும் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டப்படும்.